வேலியில் பூத்த மாத்திரை

போன கார்த்திகை மாசக் கடைசி. நவரைக்கு நாற்றங்கால் சேறு அடிச்சிக்கிட்டு இருந்தேன். பங்காளி மகன் வரப்பு மேல நொண்டிக்கிட்டே வர்றான். ஒரு கால்ல செருப்பு, இன்னொரு கால் வெறுங்கால், கையில கடப்பாரை. ஒரகடத்துல கார் பாகம் செய்யுற கம்பெனியில ஷிப்ட் வேலை அவனுக்கு. வயசு முப்பத்தி நாலு.

"பெரியப்பா, உங்க வேலியில இருக்கிற கார்த்திகைப்பூச் செடி கிழங்கு ஒண்ணு தோண்டிக்கட்டுமா?"

"எதுக்குடா?"

காலைக் காட்டினான். பெருவிரல் அடிமூட்டு தக்காளிப் பழம் மாதிரி சிவந்து மினுமினுன்னு வீங்கி இருந்தது. யூரிக் ஆசிட்டாம். செல்போன்ல யாரோ ஒருத்தர், "இந்த நோய்க்கு இங்கிலீஷ் மாத்திரையே இந்தச் செடியில இருந்துதான் எடுக்குறாங்க, நேரா கிழங்கையே சாப்பிட்டா பக்க விளைவு கிடையாது"ன்னு சொல்லி இருக்காரு. இவன் அதை நம்பி கடப்பாரையோட வந்துட்டான்.

கடப்பாரையைப் பிடுங்கி வாய்க்கால் அந்தப் பக்கம் போட்டேன். பையன் பயந்துட்டான்.

அவனை நான் குறை சொல்லலைங்க. அந்த வலி எனக்கும் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஆடி மாசம், ஊர்ல கூழ் ஊத்தின மறுநாள் கறிச்சோறு. ஈரல், போட்டி எல்லாம் ஒரு கை பார்த்தேன், மச்சான் வாங்கியாந்த பீரும் கூட. ராத்திரி ரெண்டு மணிக்கு விரலை யாரோ இடுக்கி வெச்சி திருகுற மாதிரி வலி. மேல போர்வை பட்டா வலி, ஃபேன் காத்து பட்டா வலி. எங்க அம்மா பாவம், நொச்சி இலையை வதக்கி சூடா ஒத்தடம் கொடுத்தாங்க. தெருவே எழுந்திருக்கிற மாதிரி கத்தினேன். இந்த வலி எகிறி நிக்கும்போது சூடு ஆகாது, துணியில ஐஸ் கட்டி வெச்சாதான் கொஞ்சம் அடங்கும்னு பின்னாடிதான் தெரிஞ்சது.

அப்புறம் ஒருத்தர்கிட்ட சூரணப் பொடி வாங்கினேன். சுத்தமான மூலிகைன்னாரு. ரெண்டே நாள்ல வலி போன இடம் தெரியல! எட்டு மாசம் விடாம தின்னேன். மூஞ்சி பூரி மாதிரி உப்பிச்சி, இல்லாத சர்க்கரை வந்தது. டாக்டர் பார்த்துட்டு, அந்தப் பொடியில ஸ்டீராய்டு கலந்திருக்கும்னு சந்தேகப்பட்டாரு. திடீர்னு நிறுத்தக்கூடாதுன்னு கொஞ்சம் கொஞ்சமா நிறுத்த வெச்சாரு. பொடி டப்பாவுல பேரும் இல்ல, என்ன சேர்த்தாங்கன்ற விவரமும் இல்ல. அதைக்கூடப் பார்க்காம வாங்கினது என் புத்தி.

நோய் என்னன்னு அவர் சொன்னது எனக்கு உடனே புரிஞ்சது. உப்புத்தண்ணி ஓடுற போர் பைப்புல உப்பு கட்டுமே, அதே கதை. ரத்தத்துல யூரிக் ஆசிட் அளவுக்கு மேல போனா மூட்டுக்குள்ள ஊசி ஊசியா படியுது. கால் பெருவிரல் உடம்புலயே குளிர்ச்சியான கடைக்கோடி, அதனால பெரும்பாலும் முதல்ல அங்க. எனக்கு அப்ப 9.2 இருந்தது. இந்த நோய் வந்தவங்களுக்கு 6க்குக் கீழ வெக்கணுமாம்.

கிழங்குக் கதைக்கு வர்றேன். போன்ல அந்த ஆள் சொன்னதுல பாதி உண்மை, அதுதான் ஆபத்தே. கார்த்திகைப்பூ, செங்காந்தள் ரெண்டும் ஒண்ணுதான். நம்ம மாநிலப் பூ. கபிலர் குறிஞ்சிப்பாட்டுல அடுக்குற 99 பூவுல முதல் பூ. கிழங்கு ஏர் மாதிரி வளைஞ்சிருக்கிறதால கலப்பைக்கிழங்குன்னும் சொல்லுவோம், கண்வலிக்கிழங்குன்னும் பேர் இருக்கு. இதுல இருக்கிற கோல்சிசின்ங்கிற சரக்குதான் கவுட் வலியை அடக்குற மாத்திரை. திண்டுக்கல், கரூர், திருப்பூர் பக்கம் இதைப் பணப்பயிராவே போடுறாங்க. மூலனூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துல பார்த்திருக்கேன். கம்பிப் பந்தல்ல கொடி ஏத்தி, காலையில ஆளுங்க பூ பூவாப் போயி கையால மகரந்தம் தொட்டு வெக்கிறாங்க. விதை எடைக்குப் போயி வெளிநாட்டு மருந்துக் கம்பெனிக்குப் போகுது.

ஆனா மாத்திரை ஒண்ணுல இருக்கிறது அரை மில்லிகிராம். கிழங்குல எவ்வளவு இருக்கும்? மண்ணுக்கு மண், செடிக்குச் செடி மாறும். ஒரு துண்டு எத்தனை மாத்திரைக்குச் சமம்னு கண்ணால பார்த்து யாராலயும் சொல்ல முடியாது. செடி முழுக்க விஷம், கிழங்கும் விதையும் ரொம்ப மோசம். தின்னவுடனே ஒண்ணும் ஆகாது. சில மணி நேரம் கழிச்சி காலரா மாதிரி வாந்தி பேதி, அடுத்த ரெண்டு மூணு நாள்ல கிட்னி, எலும்பு மஜ்ஜைன்னு ஒவ்வொண்ணா படுக்கும். பொழைச்சவங்களுக்கு முடி கொட்டும். முறிவு மருந்து கையில கிடைக்கிறதில்ல. சர்க்கரைவள்ளின்னு நெனச்சி வேகவெச்சித் தின்னு செத்தவங்க இங்கயும் உண்டு, இலங்கையிலயும் உண்டு. சித்த மருத்துவத்துலயே சுத்தி செய்யாம இதைத் தொடமாட்டாங்க.

இதையெல்லாம் சேத்துல நின்னபடியே சொன்னேன். அவன் நம்பின மாதிரி தெரியல. வண்டியில ஏத்தி செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கிட்னிக்கு ரத்தம் சோதிச்சப்புறம்தான் அந்தக் கோல்சிசினையே கொடுத்தாங்க, கிட்னி பழுதா இருந்தா மாத்திரையே விஷமாயிடுமாம். அஞ்சு நாள்ல வீக்கம் வடிஞ்சது. வீக்கம் அடங்கினப்புறம் யூரிக் ஆசிட் குறைக்கிற அலோபூரினால் தினமும். வலி இல்லன்னு அதை நிறுத்தக்கூடாது.

டாக்டர் அவன்கிட்ட தோண்டித் தோண்டிக் கேட்டதுலதான் விஷயம் வெளிய வந்தது. லைன்ல நிக்கும்போது அடிக்கடி பாத்ரூம் போக முடியாதுன்னு தண்ணியே குடிக்கிறதில்ல. தூக்கம் வராம இருக்க கலர் பாட்டில் ரெண்டு. ஷிப்ட் முடிஞ்சா ரூம்ல பீரும் பிரியாணியும். கழனியில ஆடிக் கூழுக்கு ஒரு நாள் நான் பண்ணினதை அவன் வாரத்துக்கு மூணு நாள் பண்ணி இருக்கான்.

அப்ப கை வைத்தியமே வேண்டாமான்னு கேப்பீங்க. முடக்கத்தான் தோசை எங்க வீட்டுல வாரம் ஒரு நாள் உண்டு, பேரே முடக்கு அறுத்தான். உடம்புக்கு இதமா இருக்கு. ஆனா அதால என் யூரிக் ஆசிட் ஒரு புள்ளி குறையல, பார்த்துட்டேன். வாழைத்தண்டு, நெருஞ்சில் கஷாயம் ஒண்ணுக்குப் போக வெக்கும், அந்தச் சாக்குல தண்ணி உள்ள போகும். மோர் நல்லதுன்னாரு டாக்டர், அது எனக்கு லாபம், மாடு இருக்கே. நெல்லிக்காயும் கொஞ்சம் உதவுமாம். பருப்பை நான் பயந்து ஒரு வருஷம் விட்டிருந்தேன். ஈரல், கறி, நெத்திலி, மத்தி மாதிரி பருப்பும் கீரையும் இந்த நோயைக் கூட்டுறதில்லைன்னு சொன்னப்புறம்தான் வீட்டுல சாம்பார் கொதிச்சது. சித்த மருந்துதான் வேணும்னா, நம்ம ஸ்டேஷன்லயே மின்சார ரயில் ஏறுனா தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவமனை இருக்கு. படிச்ச டாக்டருங்க பார்ப்பாங்க. பேர் இல்லாத டப்பா மட்டும் வேண்டாங்க.

பங்குனியில பையன் பெருமாள் கோயிலுக்கு வந்திருந்தான். நம்ம ஊர் நரசிம்மர் குடைவரைக்குள்ள பாறையோட பாறையா உக்காந்திருக்கிறவர், அவரை வலம் வரணும்னா மலையையே சுத்தணும். செருப்பில்லாம சுத்திட்டு வந்து என் பக்கத்துல உக்காந்தான். யூரிக் ஆசிட் 5.8ன்னு ரிப்போர்ட்டைக் காட்டினான். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான்.

"பெரியப்பா, அந்த விதை கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல போகுதாமே? நம்ம மேட்டுக் கழனியில அரை ஏக்கர் போட்டா என்ன?"

"பந்தல் கம்பி என்ன விலைன்னு முதல்ல கேட்டுட்டு வா"ன்னு அனுப்பி இருக்கேன்.