ஈற்றில் நில்லா எழுத்து

ஆங்கிலங் கற்கத் தொடங்கும் சிறுவன் ஒருவன், கொடுத்தலைக் குறிக்கும் 'கிவ்' என்ற சொல்லை ஜீ, ஐ, வீ என்னும் மூன்றெழுத்துடன் நிறுத்திவிட்டால் ஆசிரியரின் சிவப்பு மை அதன்மேல் விழுகின்றது. ஈற்றிலே ஒலியாத 'ஈ' எங்கே என்று அவன் வினவப்படுகின்றான். 'ஹாவ்', 'லிவ்', 'லவ்' முதலிய குறுஞ்சொற்கள் அனைத்திற்கும் இதுவே கதி. 'வீ'யின் பின்னே அந்த 'ஈ' எதற்கு என்று அவன் திருப்பிக் கேட்பானாயின், "ஆங்கிலம் அப்படித்தான்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. அவ்விடை மாணவனை அடக்குமேயன்றி அவனது ஐயத்தை அடக்காது.

சொல்லின் ஈற்றில் எவ்வெழுத்து நிற்கலாம் என்னும் ஆராய்ச்சி தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் மொழிமரபிலே, வகரமெய் நான்கு சொற்களில் மட்டுமே ஈறாகும் என வரையறுத்தார். அவ், இவ், உவ், தெவ் என்பன அவை. முதல் மூன்றும் சுட்டுப் பெயர்கள். நான்காவது பகையைக் குறிப்பது. அச்சுட்டுக்களும் பின்னர் ஐகாரம் பெற்று அவை, இவை, உவை என்றே நிலைத்தன. (உவை யாழ்ப்பாணத்தார் பேச்சில் மனிதரைக் குறித்து இன்றும் வழங்குவது.) தமிழில் இஃது ஒலி பற்றிய வரையறை. ஆங்கிலத்திலோ ஒலியோடு எழுதுகோலும் சேர்ந்துகொண்டது.

பழைய ஆங்கிலத்தில் வகர ஒலிக்கெனத் தனியெழுத்து இருந்ததில்லை. இரண்டு உயிர்களுக்கிடையே வரும் 'எஃப்' வகரமாக ஒலித்தது. அன்பைக் குறித்த சொல் அன்று 'லுவு' என்பதுபோல் ஒலித்து, 'எஃப்' இட்டு எழுதப்பட்டது. ஈற்றுயிர் அக்காலத்தில் உண்மையாகவே ஒலித்தமையின் வகரம் சொல்லின் நடுவிலேயே நின்றது. பின்னர் அவ்வுயிர்கள் தேய்ந்து மறைய, வகரம் தான் எதிர்பாராத ஈற்றிடத்தில் வந்து நின்றது. ஆகவே 'லவ்' என்பதன் ஈற்றிலுள்ள 'ஈ' வெறும் அலங்காரமன்று. ஒருகாலத்தில் ஒலித்த உயிரின் எச்சமாகும்.

ஐந்தைக் குறிக்கும் 'ஃபைவ்', பன்னிரண்டைக் குறிக்கும் 'ருவெல்வ்' ஆகிய இரண்டும் ஆதியில் 'எஃப்' ஈற்றுச் சொற்களே. உருபேற்று உயிர் தொடர்ந்தபோது அந்த 'எஃப்' வகரமாயிற்று. அவ்வடிவமே பின்னர் வென்றது. 'ஐந்தாவது', 'பன்னிரண்டாவது' என்ற பொருள்தரும் சொற்களில் பழைய 'எஃப்' இன்றும் இருப்பதைக் காணலாம். 'ஒவ்' என்னும் இடைச்சொல்லின் வரலாறு வேறு. அழுத்தமின்றி ஒலிக்கப்பட்டமையால் அதன் இறுதி வகரமாக நெகிழ்ந்தது. எழுத்து மட்டும் 'எஃப்' ஆகவே நின்றது. அதனோடு ஒரே சொல்லாயிருந்து பிரிந்த 'ஒஃப்', அழுத்தம் பெற்றதால் பழைய ஒலியைக் காத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் வகர ஈற்றுச் சொல்லொன்று 'வீ' இன்றியே எழுதப்படுவது விந்தையே.

இனி எழுதுகோலின் செயல். 'யூ'வும் 'வீ'யும் நெடுங்காலம் இரண்டு எழுத்துக்கள் அல்ல. ஓரெழுத்தின் இரு வடிவங்கள். சொல்லின் முதலில் 'வீ' வடிவும் பிறவிடங்களில் 'யூ' வடிவும் இடுவது அச்சகத்தார் வழக்கம். 1623 இல் வெளிவந்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுதியில் 'லவ்' என்பது எல், ஓ, யூ, ஈ என்றே அச்சாகியுள்ளது. அங்கே 'ஈ'யை நீக்கிவிட்டால் எஞ்சும் 'யூ' உயிரா மெய்யா என்பது விளங்காது. பதினேழாம் நூற்றாண்டிலே இரு வடிவங்களும் ஈரெழுத்துக்களாகப் பிரிந்தபோது அத்தேவை ஒழிந்தது, வழக்கமோ ஒழியவில்லை. 1755 இல் சாமுவேல் ஜோன்சன் வெளியிட்ட அகராதியிலுங்கூட இவ்விரண்டின் சொற்களும் ஒரே வரிசையில் கலந்தே கிடக்கின்றன.

அமெரிக்கரான நோவா வெப்ஸ்டர் 1789 இல், ஒலியாத எழுத்துக்களை நீக்க வேண்டுமென வாதாடியபோது 'கிவ்' என்பதை மூன்றெழுத்தாலேயே எழுதலாம் என்றார். மறு ஆண்டு வெளியிட்ட தம் கட்டுரைத் தொகுதியின் தலைப்பிலேயே 'ஃபியூஜிற்றிவ்' என்ற சொல்லின் ஈற்று 'ஈ'யை நீக்கியும் காட்டினார். உலகம் ஏற்கவில்லை. 1828 இல் வந்த அவரது பேரகராதியிலே பழைய நான்கெழுத்தே தலைச்சொல்லாயிற்று. அறிஞர் அறிந்து செய்ததைச் சிறுவன் அறியாமற் செய்கின்றான். இருவரும் செவியையே நம்பினர். எழுத்துக்கூட்டல் வழக்காதலின் புள்ளி குறைக்கப்படுவதில் தவறில்லை. ஆனால் அவன் செவி பிழைக்கவில்லை என்பதையும் அவனுக்குச் சொல்லவேண்டிய கடப்பாடு ஆசிரியருக்கு உண்டு. மொழியே தனக்கு வராது என்று எண்ணி ஒதுங்கும் பிள்ளைகளில் எத்தனைபேர் உண்மையில் எழுத்து வழக்கிடம் மட்டுமே தோற்றவர்கள்!

விதியை மீறிய குறுஞ்சொற்களும் சில உள. இயந்திரச் சுழற்சியைக் குறிக்கும் 'ரெவ்', கழிவறையைச் சுட்டும் 'லவ்' என்பன நெடுஞ்சொற்களின் வெட்டுத் துண்டுகள். 'ஸ்லாவ்' பிறமொழியாரின் இனப்பெயர். 'ஸ்பிவ்' தெருவிலே பிறந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பங்கீட்டு நாட்களில், மினுக்கிய உடையோடு கள்ளச்சந்தைப் பண்டம் விற்றுத் திரிந்தவனை ஆங்கிலேயர் அப்பெயரால் அழைத்தனர். அச்சொல்லுக்கு ஈற்று 'ஈ' இட எவரும் முனையவில்லை.