எஞ்சிய ஒற்று

நுழையும்முன்

கற்பித்தவர் கற்பவராக மாறும் தருணங்கள் வாழ்வில் அரிதாகவே வாய்க்கின்றன. நூலறிவும் கைத்திறனும் எதிரெதிரானவை அல்ல. இரண்டிற்கும் அடிப்படையான ஒழுக்கம் ஒன்றே. மகிழுந்தின் முன்சக்கரங்களைத் தாங்கும் உறுப்புகளைக் கழற்றி மாட்டிய ஒரு நாளில் தமிழாசிரியர் ஒருவர் பெற்ற பட்டறிவை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

என்னிடம் பழைய மாருதி 800 மகிழுந்து ஒன்று இருந்தது. வார இறுதிகளில் சேலத்திலிருந்து ஏற்காட்டிலுள்ள தமக்கையின் இல்லத்திற்கு அதில்தான் செல்வேன். அம்மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒருநாள் நான்காவது வளைவில் திரும்பும்போது முன்சக்கரத்தின் அருகில் ‘கடக் கடக்’ என்னும் ஓசை எழுந்தது. அடுத்தடுத்த வாரங்களில் அவ்வோசை பெருகியது. சிறு பள்ளத்தில் இறங்கினாலும் வண்டியின் முகப்பு இரண்டு மூன்று முறை எழுந்து தாழ்ந்த பின்னரே அடங்கியது.

வீட்டருகே சிறு பட்டறை ஒன்று இருந்தது. அதன் உரிமையாளர் என் முன்னாள் மாணவர். பதினொன்றாம் வகுப்பின் இடையிலேயே பள்ளியை விட்டு நின்றவர். வண்டியின் முகப்பை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். குனிந்து சக்கரத்தின் உட்புறத்தைத் தொட்டார். விரலில் எண்ணெய் ஒட்டியிருந்தது.

“ஷாக் அப்சார்பர் கசிகிறது ஐயா. ஸ்டேபிலைசர் பாரின் ரப்பர் புஷ்களும் தேய்ந்துவிட்டன. இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும்.”

“ஒரு பக்கந்தானே கசிகிறது, தம்பி?”

“ஒரு கால் புதிதாகவும் மறு கால் பழையதாகவும் இருந்தால் வண்டி ஒரே சீராக நிற்காது ஐயா. பிரேக் பிடிக்கும்போது ஒருபுறம் இழுக்கும்.”

அடுத்த ஞாயிறன்று காலையில் பணி தொடங்கியது. உதவியாளர் வரவில்லை; ஆதலால் நானே உதவியாளன் ஆனேன். பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்தார். வண்டி தரையில் நிற்கும்போதே சக்கர நட்டுகளைச் சற்றுத் தளர்த்தினார். பிறகு ஜாக்கியால் உயர்த்தி, இருபுறமும் இரும்புத் தாங்கிகளை நிறுத்தினார். “ஜாக்கி தூக்குவதற்கு மட்டுந்தான் ஐயா. அதை நம்பி வண்டிக்கு அடியில் போகக்கூடாது” என்றார்.

சக்கரத்தை எடுத்ததும் உள்ளமைப்பு முழுவதும் தெரிந்தது. அதன் வேலையை அவர் எளிய சொற்களில் விளக்கினார். வண்டியின் எடையைத் தாங்குவது சுருள்வில். ஆனால், அழுத்தப்பட்ட வில் உடனே ஓய்வதில்லை. எழும், தாழும், மீண்டும் எழும். அத்துள்ளலை அடக்குவது அதனுள்ளே நிற்கும் குழாய். அதனுள் உள்ள எண்ணெய் நுண்ணிய துளைகளின் வழியே நெருக்கியடித்துச் செல்லும்போது துள்ளலின் விசை வெப்பமாக மாறித் தணிகிறது. எண்ணெய் கசிந்துவிட்டால் அடக்குவார் இல்லை. என் வண்டி முகப்பின் ஆட்டத்திற்குக் காரணம் அதுவே.

பிரேக் குழாயைப் பிணைத்திருந்த கவ்வியை முதலில் விடுவித்தார். சக்கர மையம் தன் எடையால் சரிந்து அக்குழாயை இழுத்துவிடாதவாறு கம்பியால் கட்டினார். கீழே இரண்டு போல்ட்டுகளைக் கழற்றினார். பின்னர் முன்மூடியைத் திறந்து, “மேல் நட்டுகளை நீங்கள் கழற்றுங்கள் ஐயா, நான் கீழே பிடித்துக்கொள்கிறேன்” என்றார். கடைசி நட்டு வெளிவந்ததும் முழு உறுப்பும் அவர் கைகளில் இறங்கியது.

நடுவிலிருந்த பெரிய நட்டை நோக்கி நான் ஸ்பேனரை நீட்டியபோது அவர் என் கையைப் பற்றித் தடுத்தார். சுருள்வில் அழுத்தப்பட்ட நிலையிலேயே உள்ளே அடைபட்டிருக்கிறது. நடுநட்டைக் கழற்றினால் அது சீறித் தெறித்து ஆளையே வீழ்த்திவிடும். எனவே, வில்லின் இருபுறமும் எதிரெதிராகக் கொக்கிக் கருவிகளை மாட்டி, இப்பக்கம் சிறிது, அப்பக்கம் சிறிது எனத் திருகி, வில்லை ஒடுக்கினார். அது தன் இருக்கையில் தளர்ந்து அசைந்த பின்னரே நடுநட்டில் கைவைத்தார்.

கழன்ற ஒவ்வொரு பொருளையும் ஒரு செய்தித்தாளின்மீது வரிசையாக அடுக்கினார். மேல்தாங்கி, இருக்கை, தடுப்பு ரப்பர், தூசு உறை, வாஷர்கள் என எது முதலில் வந்ததோ அது இடக்கோடியில். “திரும்ப மாட்டும்போது வலமிருந்து இடமாகப் படித்தால் போதும் ஐயா” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கொண்டுகூட்டிப் பொருள்கொள்ளக் கற்பித்த நான், அத்தாளின்மீது ஒரு வாசகம் கிடப்பதைக் கண்டேன்.

தெரிந்து தெளிவோம்

சுருள்வில்லையும் அதிர்வடக்கும் குழாயையும் ஒரே தூணாக இணைக்கும் இவ்வமைப்பு, அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்பெர்சனின் பெயரால் ‘மெக்பெர்சன் ஸ்ட்ரட்’ எனப்படுகிறது. 1950ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அறிமுகமான ஃபோர்டு கான்சல் மகிழுந்தில் இவ்வமைப்பு இடம்பெற்றது. குறைந்த இடத்தில் அடங்குவதால் சிறிய மகிழுந்துகள் பலவற்றில் பயன்படுகிறது. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800இன் முன்சக்கரங்களிலும் இதுவே அமைந்தது.

பிற்பகலில் புதிய உறுப்புகளைப் பொருத்தத் தொடங்கினோம். வில்லின் கீழ்முனை, இருக்கையிலுள்ள படியில் சரியாக அமர்கிறதா என்று அவர் விரலால் தடவிப் பார்த்தார். எல்லா நட்டுகளையும் முதலில் கையால் மட்டும் திருகினார்; பிறகே ஸ்பேனரை எடுத்தார். கீழ்க்கையின் அடியில் ஜாக்கியை வைத்து எடை ஏறுமாறு உயர்த்திய பின்னரே புஷ்களை இறுக்கினார். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போது ரப்பர் முறுகி விரைவில் கிழிந்துவிடுமாம்.

ஸ்டேபிலைசர் பாரின் முனையை இறுக்கும் நட்டின் விளிம்பு, கோட்டை மதில்போல் வெட்டுகள் கொண்டது. அவ்வெட்டின் வழியே ஸ்ப்ளிட் பின் என்னும் சிறு கம்பியைச் செருகி, அதன் இரு கால்களையும் விரித்து மடக்க வேண்டும். நட்டு கழன்றுவிடாமல் காப்பது அதுவே. இடப்பக்கத்தை அவர் செய்தார். வலப்பக்கத்தை, நான் ஆவலுடன் கேட்டதால், எனக்குத் தந்தார். அந்நேரத்தில் வாடிக்கையாளர் ஒருவர் வர, அவர் எழுந்து சென்றார். நான் நட்டை இறுக்கினேன், சக்கரத்தையும் மாட்டினேன். திரும்பி வந்தவர் வண்டியை இறக்கிச் சக்கர நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கி முடித்தபோது அந்தி சாய்ந்துவிட்டது.

கருவிகளை எடுத்து வைத்தவர் செய்தித்தாளின் அருகே நின்றுவிட்டார். அதன்மீது புதிய ஸ்ப்ளிட் பின் ஒன்று எஞ்சியிருந்தது.

“இரண்டு வாங்கினேன் ஐயா.”

எனக்கு விளங்கியது. ஆயினும் களைப்பு என்னைப் பேசவைத்தது. “நட்டை நன்றாகத்தான் இறுக்கினேன், தம்பி. காலையில் நான் ஏற்காடு போக வேண்டும். அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாமே.”

அவர் பதில் கூறாமல் ஜாக்கியை மீண்டும் உள்ளே தள்ளினார். பிறகு மெல்லச் சொன்னார்: “வேலை கொடு, வேலைக் கொடு என்று கரும்பலகையில் எழுதினீர்களே, ஐயா. ஒன்று பணியைக் கேட்பது, மற்றொன்று முருகன் கை வேலைக் கேட்பது. நடுவில் இருப்பது ஒரே ஓர் ஒற்றுதான் என்றீர்கள். அதை விட்டதற்கு எனக்கு மதிப்பெண்ணும் குறைத்தீர்கள்.”

சக்கரம் கழன்றது. பின்னை நானே செருகினேன். அவர் விளக்குப் பிடித்தார். கால்களை விரித்து மடக்கும்போது என் கை நடுங்கியது. மறுநாள் காலையில் அவ்வண்டியில் என்னோடு என் தாயும் வருவதாக இருந்தார்.

நட்டைக் காட்டிலும் வேறொன்று அப்போது என்னை வருத்தியது. இவர் பள்ளியை விட்டு நின்ற நாளில் மாற்றுச் சான்றிதழ் விண்ணப்பத்தை என்னிடம் நீட்டினார். நான் வகுப்பாசிரியன். தேர்வுப்பணி மிகுந்திருந்த நேரம். எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணிக் கையொப்பமிட்டு அனுப்பினேன். ஏன் என்று ஒரு சொல் கேட்கவில்லை. ஓர் ஒற்றுக்கு மதிப்பெண் குறைத்தவன், ஒரு மாணவரே வரிசையிலிருந்து விடுபட்டதைக் காணவில்லை.

கை கழுவும்போது கேட்டேன்: “அன்று ஏன் நின்றுவிட்டாய், தம்பி?”

“அப்பாவுக்கு உடல்நலமில்லை, ஐயா. வீட்டில் வேறு வருமானம் இல்லை.” சற்று நிறுத்தித் தொடர்ந்தார்: “நீங்கள் கேட்டிருந்தாலும் நின்றிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால், கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.”

அச்சொற்களில் குறை கூறும் தொனி இல்லை. அதனாலேயே அவை என்னுள் ஆழமாக இறங்கின.

மறுநாள், மலையேறுமுன் சக்கரக் கோண அளவைச் சரிபார்க்குமாறு அவர் சொல்லியிருந்தபடி செய்தேன். 20 வளைவுகளிலும் ஓசை எழவில்லை. பின்னிருக்கையில் தாய் உறங்கிக்கொண்டு வந்தார்.

இப்போதும் மாற்றுச் சான்றிதழ் கேட்டு எந்த மாணவர் வந்தாலும், எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு எதிரே அமரச் சொல்கிறேன். அவர் பேசி முடித்த பின்னரே கையொப்பமிடுகிறேன். சிலர் அதன்பின் விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துச் சென்றிருக்கின்றனர்.