யன்னலைச் சாத்தினால் வெளியேறியதாகாது

நெடுந்தீவில் எல்லா வீட்டிலும் கணினி இல்லை. விண்ணப்பம் நிரப்ப, பெறுபேறு பார்க்க, பிள்ளைகள் கடைக் கணினிக்குத்தான் போகிறார்கள். ஒருவர் எழும்ப அடுத்தவர் இருப்பார். இதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

போன தவணை என் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டு கிழமை பாடசாலைக்கு வரவில்லை. அவளுடைய பேஸ்புக்கிலிருந்து பிரான்ஸிலுள்ள மாமாவுக்கு அவசரமாகக் காசு கேட்டுச் செய்தி போயிருக்கிறது. தகப்பன் பிள்ளையைத்தான் பிடித்தார். "பாஸ்வேர்ட் உன்னட்டத்தானே இருக்கு, வேற ஆர் எழுதினது?"

அவள் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "யன்னலைச் சாத்திப்போட்டுத்தான் சேர் எழும்பினனான்."

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. விளக்கம் குக்கியில் இருக்கிறது.

இணையத்தளத்துக்கு இயல்பாக ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கம் கேட்டால் தரும், உடனே உங்களை மறந்துவிடும். அடுத்த பக்கம் கேட்பவரும் நீங்கள்தான் என்று அதற்குத் தெரியாது. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை செய்த லூ மொன்டுல்லி இதற்கு வழி கண்டார். தளம் ஒரு சிறு குறிப்பை உங்கள் உலாவியில் வைக்கும். உலாவி ஒவ்வொரு தடவையும் அதைத் திருப்பிக் காட்டும். அதுதான் குக்கி.

பட்டணத்தில் சைக்கிள் பார்க்கில் இலக்கத் துண்டு தருவார்களே, அதேதான். பாஸ்வேர்டைக் கேட்பது வாசலில் ஒரு தடவை மட்டும். பிறகு துண்டைத்தான் பார்ப்பார்கள், முகத்தை அல்ல. துண்டு யார் கையிலோ, சைக்கிள் அவருக்கு. பேஸ்புக் போன்ற தளங்கள் அந்தத் துண்டுக்கு நீண்ட தவணை போட்டு வைக்கின்றன. யன்னலைச் சாத்தினாலும் அது கணினியிலேயே கிடக்கும்.

தகப்பனிடம் ஒரு கடதாசியில் இதைக் கீறிக் காட்டினேன். பட்டணத்தில் சைக்கிள் விட்டுப் பழகியவர், உடனே விளங்கிக்கொண்டார். அடுத்த திங்கள் பிள்ளை வகுப்புக்கு வந்துவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ்.

இது படிக்காத சனத்தின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2018 செப்டெம்பரில் பேஸ்புக்கிலேயே இந்தத் துண்டுகள் களவு போயின. முதலில் ஏறத்தாழ 5 கோடிக் கணக்குகள் என்றார்கள், பிறகு 3 கோடி என்று திருத்தினார்கள். பாஸ்வேர்ட் ஒன்றும் போகவில்லை. அதனால் அவர்கள் செய்தது பழைய துண்டுகளைச் செல்லாததாக்கியதுதான். ஏறத்தாழ 9 கோடிப் பேர் மறுபடி லொக் இன் பண்ண வேண்டி வந்தது.

பி.எச்.பி. படிக்கும் பிள்ளைகளே, இனி உங்கள் பக்கம். செஷன் என்பது சேர்வரில் இருக்கும் கொப்பி. குக்கியில் போவது அதன் இலக்கம் மட்டும். ஒருவர் லொக் இன் ஆனதும் அந்த இலக்கத்தை மாற்றுங்கள், முன்னமே இலக்கத்தைத் தெரிந்து வைத்தவன் உள்ளே வர முடியாது. குக்கி மறைகுறியாக்கிய இணைப்பில் மட்டும் போகட்டும், ஜாவாஸ்கிரிப்ட்டின் கண்ணில் படாமல் இருக்கட்டும். லொக் அவுட் என்றால் குக்கியை அழிப்பது மட்டுமல்ல, சேர்வரிலுள்ள கொப்பியையும் கிழிக்க வேண்டும். பி.எச்.பி.யின் வழமையான அளவு 1440 செக்கன், அதாவது 24 நிமிடம். ஆனால் அது முடிந்த கணமே செஷன் அழியும் என்று உத்தரவாதமில்லை. கடைசியாக எப்போது பாவித்தார் என்ற நேரத்தை நீங்களே குறித்து, நீங்களே சரிபாருங்கள்.

லொக் அவுட் பொத்தானை மெனுவுக்குள் மெனுவாக ஒளித்து வைக்காதீர்கள். உங்கள் தளத்தைப் பாவிக்கப்போகிறவருக்குச் சொந்தமாக ஒரு கணினி இருக்கும் என்று யார் சொன்னது? நம்பி லொக் இன் ஆகிறவரின் பெயர் உங்கள் கையிலுள்ள அமானிதம்.

மற்ற எல்லாருக்கும்: கடைக் கணினியில் பிரைவேட் யன்னலைத் திறந்து வேலை செய்யுங்கள். முடிந்ததும் லொக் அவுட் பண்ணி, யன்னல்கள் எல்லாவற்றையும் மூடுங்கள். மறந்து வந்துவிட்டால் உங்கள் ஃபோனிலிருந்தே பேஸ்புக் அமைப்புகளுக்குள் போய், எங்கெங்கே உள்நுழைந்திருக்கிறீர்கள் என்ற பட்டியலைப் பார்த்து, தெரியாத இடங்களை வெளியேற்றுங்கள். இரண்டு நிமிட வேலை. இன்றிரவே பாருங்கள்.