கொஞ்சம் கனமா இருக்கு பெரியப்பா!

பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிற காவலாளியின் மடியில் நீளமாக ஒரு துப்பாக்கி கிடக்குமே, கவனித்திருக்கிறீர்களா? நிறைய பேங்க்குகளில் அது 12 போர் டபுள் பேரல். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழல். கீழே ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு விசை. பொதுவாக முன் விசைக்கு வலது குழல், பின் விசைக்கு இடது குழல். செக் போட வருகிற கூட்டம் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும். நான் மட்டும் குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்துவிட்டு, அடுத்த பக்கமாக ஒதுங்கித்தான் உள்ளே போவேன். என் மனைவிக்கு இது ரொம்ப நாளாக வேடிக்கை. அவளிடம் காரணம் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

1998, மே மாதம். பி.காம். இரண்டாம் வருஷப் பரீட்சை முடிந்து, கம்பம் பக்கத்தில் பெரியப்பா தோட்டத்துக்குப் போயிருந்தேன். மலையடிவாரம். ராத்திரியானால் காட்டுப்பன்றி இறங்கி நிலக்கடலையைக் கிளறிப் போட்டுவிடும். இஷ்டத்துக்குச் சுட முடியாது. 1972-லேயே வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு. வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டால் ஓடிவிடும். அதற்காகப் பெரியப்பா லைசென்ஸ் எடுத்து, மேகமலை எஸ்டேட்டில் வேலை பார்த்து ரிட்டையர் ஆன ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் ஒரு டபுள் பேரல் வாங்கியிருந்தார். இங்கிலாந்து பர்மிங்ஹாமில் செய்தது. அதைத் துடைக்கிற மஞ்சள் துணியை வேறு எதற்கும் தொடவிட மாட்டார்.

கெஞ்சிக் கூத்தாடி ஒரு ராத்திரி கையில் வாங்கினேன். (லைசென்ஸ் இல்லாத நான் அதை வெடித்திருக்கவே கூடாது. 19 வயசில் சட்டம் எங்கே ஞாபகம் வந்தது!) விசையை இழுத்தால் அசைவேனா என்கிறது. இரண்டு விரல் போட்டு, பல்லைக் கடித்து இழுத்து, ஒருவழியாக வெடித்தது. விரலில் ரத்தம் கட்டிவிட்டது.

“கொஞ்சம் கனமா இருக்கு பெரியப்பா!”

இவ்வளவுதான் சொன்னேன்.

பெரியப்பாவுக்கு நான் என்றால் உயிர். மறுநாள் காலையே துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி, பஸ் ஏறி, கம்பத்தில் ஒரு லேத் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். “பையனுக்கு விரல் வலிக்குதாம்ப்பா. கொஞ்சம் லூசாக்கிக் குடு.” லேத்துக்காரர் தயங்கினார். “மோட்டார் தவிர வேற எதையும் தொட்டதில்லைங்களே...” பெரியப்பா விடவில்லை. துப்பாக்கியை ரிப்பேர் பண்ணவே தனி லைசென்ஸ் வேண்டும் என்று 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் சொல்கிறது. எங்கள் மூன்று பேரில் யாருக்கும் அது தெரியாது. கழற்றி, கிரைண்டரில் எதையோ ரெண்டு இழுப்பு இழுத்து, மாட்டிக் கொடுத்தார். விசை வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஐந்தாம் நாள் சாயங்காலம். பெரியப்பா துப்பாக்கியை மடக்கித் திறந்து, இரண்டு தோட்டாவைப் போட்டு, டக்கென்று மூடினார். மூடின சத்தமும் வெடிச் சத்தமும் ஒன்றாகவே கேட்டன. விசைப் பக்கம் அவர் விரலே போகவில்லை. சேஃப்டியும் போட்டபடிதான் இருந்தது. குழல் தரையைப் பார்த்து இருந்ததால் உயிர் தப்பியது. ஆனால், ரவைகள் வரப்புக் கல்லில் பட்டுத் தெறித்து, வாய்க்காலில் மடை மாற்றிக்கொண்டிருந்த அண்ணனின் கெண்டைக்காலில் இரண்டு ஏறிவிட்டன. சின்ன வயசிலிருந்து என்னைத் தோளில் தூக்கித் திரிந்தவர். ஆஸ்பத்திரியில் ஒன்றை எடுத்தார்கள். இன்னொன்று ஆழத்தில் இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

போலீஸ் வந்தது, விசாரித்தது, விபத்து என்று எழுதிக்கொண்டது. கொஞ்ச காலம் ஸ்டேஷனில் கிடந்து துப்பாக்கி திரும்பி வந்தது. பெரியப்பா அப்புறம் அதை வெடிக்கவே இல்லை. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பார். முடிந்ததும் வாங்கி வந்து பீரோவில் வைத்துப் பூட்டுவார். ஊரில் யார் கேட்டாலும், “லேத்துக்காரன் கெடுத்துட்டான்” என்பார். ஏன் லேத்துக்குப் போனது என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

2019-ல் பெரியப்பா காலமானார். துப்பாக்கியை லைசென்ஸ் உள்ள கடையில் ஒப்படைக்க, பெரியப்பா மகனோடு நானும் மதுரைக்குப் போனேன். அங்கே ஒரு வயசான மெக்கானிக், கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு உள்ளே திறந்து பார்த்தார். பார்த்தவர் நிமிரவே இல்லை.

“யாருங்க இதுல கை வெச்சது?”

நாங்கள் இருவரும் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தோம்.

அவரே விளக்கினார். உள்ளே ஒரு சுத்தியல். பின்னாலிருந்து கெட்டி ஸ்பிரிங் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சுத்தியலில் சின்னதாக ஒரு வெட்டு. அந்த வெட்டில் ஒரு கொக்கியின் மூக்கு உட்கார்ந்து சுத்தியலைப் பிடித்திருக்கும். விசையை இழுத்தால் மூக்கு விலகும், சுத்தியல் அடிக்கும். அந்தப் பிடிமானம் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது! அதைத் தேய்த்தால் விசை லேசாகும். கூடவே, ஒரு அதிர்ச்சிக்கே மூக்கு நழுவும். இந்த மாதிரி துப்பாக்கிகளில் பெரும்பாலும் சேஃப்டி என்பது விசையை மட்டும்தான் தடுக்கும். சுத்தியலை யாரும் பிடித்திருப்பதில்லை.

போதாததற்கு, இரும்பில் மேல்தோல் மட்டும்தான் கெட்டியாக்கப்பட்டிருக்கும். அது போய்விட்டால் உள்ளே இருப்பது மெத்து இரும்பு. அப்புறம் ஒவ்வொரு வெடிக்கும் தானாகவே தேயும். காமர்ஸ்காரன் எனக்குத் தேய்மானம் என்றால் டிப்ரிசியேஷன். வருஷத்துக்கு 10 பர்சென்ட் என்று எழுதித் தள்ளிவிடுவோம். இந்தத் தேய்மானத்துக்கு அப்படியெல்லாம் கணக்கு கிடையாது.

“அப்ப எவ்வளவு கனம் இருக்கணும்?” என்றேன். ஸ்பிரிங் தராசின் கொக்கியை விசையில் மாட்டி இழுத்துக் காட்டினார். துப்பாக்கி எடையில் பாதி என்பது பழைய கணக்காம். மூன்று கிலோ துப்பாக்கிக்கு ஒன்றரைக் கிலோ. பின் விசைக்கு இன்னும் கொஞ்சம் கூட. இல்லையென்றால் முதல் வெடியின் உதையிலேயே இரண்டாவது குழலும் வெடித்துவிடும். எங்கள் முன் விசையில் முள் அரைக் கிலோவைத் தொடுவதற்குள் ‘டிக்’ என்று விழுந்தது.

“கனமா இருக்குன்னு யாராவது கொண்டுவந்தா, நான் முதல்ல பழைய எண்ணெய்ப் பிசினைத்தான் கழுவுவேன். அப்புறம் கட்டையைப் பார்ப்பேன். மலையில ஈரம் குடிச்சு மரம் ஊதி, உள்ள உரசிக்கிட்டு நிக்கும். முக்கால்வாசி அதோட சரியாயிடும்.”

மேகமலை ஈரம்! ஒரு கப் மண்ணெண்ணெயில் முடிந்திருக்க வேண்டிய விஷயமோ என்னவோ... இப்போது யாருக்குத் தெரியும்?

“நல்ல வேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டார் பெரியவர். அண்ணன் என்னைப் பார்த்தான். “இல்லைங்க” என்றான்.

இந்த வருஷம் பொங்கலுக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மடை மாற்றுகிற அண்ணனுக்கு வயசாகிவிட்டது. குளிர் நாளில் மட்டும் காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். குடித்து முடித்துவிட்டு, எப்படியோ வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னேன். விரல் வலித்தது, பெரியப்பாவிடம் சொன்னது, லேத்துக்காரர் முடியாது என்று தயங்கியது, மதுரைக்காரர் சொன்னது... எல்லாம்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் போலவும் இருந்தது. அவர் அரிவாளைத் துடைத்தபடி ரொம்ப நேரம் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அந்த மனுசன் மாட்டேன்னாரா தம்பி?”

“ஆமாண்ணே.”

“அடப்பாவமே... அவரு மக கல்யாணத்துக்கு வீடு தேடி வந்து பத்திரிகை வெச்சாரு. முகத்தைத் திருப்பிக்கிட்டு உள்ள போயிட்டேனே நான்!”