பாரவூர்தியில் இரண்டு வானொலிகள்



வார இறுதியில் உங்களுக்குத் தமிழ் கற்பிக்கும் நாம், ஏனைய நாள்களில் மெல்பேணிலிருந்து மில்டூரா வரை பாரவூர்தி ஓட்டுவதை உங்களிற் பலர் அறிவீர்கள். "ஏன் சேர், உங்கட லொறியில ரெண்டு ரேடியோ?" எனச் சென்ற தவணையில் மாணவன் ஒருவன் வினவினான். அதற்குள் மணி அடித்துவிட்டது. விடையை இங்கே எழுதுகின்றோம்.

அவை பாட்டுக் கேட்கும் வானொலிகள் அல்ல. சாரதிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் இருவழி வானொலிகள். கைத்தொலைபேசி எட்டாத நெடுந்தெருக்களில் இவையே துணை. அவுஸ்திரேலியாவில் 1977 இல் 477 மெகாஹேர்ட்ஸ் அளவில், 40 அலைவரிசைகளுடன் இச்சேவை தொடங்கியது. 2011 இல் அதே இடத்தை நெருக்கி 80 ஆக்கினர். அலைவரிசைகளின் இடைவெளி 25 கிலோஹேர்ட்சிலிருந்து 12.5 ஆகக் குறைந்தது. எமது பழைய கருவி முதல் வகை, புதியது இரண்டாம் வகை. இரண்டும் 5 வாற் வலுவுடையன.

எட்டும் தூரத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாட்டை நாம் காணவில்லை. அதைத் தீர்மானிப்பது அன்ரனாவே. ஒருமுறை பழையது ஊமையாகிவிட்டதென வீசப் போனோம். அன்ரனா வயரின் பொருத்தில் பச்சைக் களிம்பு! சுரண்டித் துடைத்ததும் பேசத் தொடங்கியது. உழைப்பிலும் பழையதே மேல். இருட்டிலே தடவிக் குமிழைத் திருப்பலாம். புதியதற்கோ ஒலிவாங்கி வயரை இருமுறை மாற்றிவிட்டோம்.

எனினும் பழையதில் ஒரு குறை உண்டு. 2019 இல், ஊயெனுக்கு அப்பால், விடியுமுன் அதைக் கற்றோம். அன்று எம்மிடம் பழையது மட்டுமே இருந்தது. டயர் வெடித்து நிற்பதாக ஒரு குரல், மிக மெலிதாக வந்தது. வெகுதொலைவில் நிற்கின்றான் என எண்ணி வேகத்தைக் குறைக்காமற் சென்றோம். மேடு ஏறி இறங்கியதும் கண்முன்னே சிவப்பு விளக்குகள்! எமது வண்டி நின்றபோது இடைவெளி ஒரு வகுப்பறை நீளமும் இல்லை.

பண்பலையில் உரப்பைத் தருவது மீடிறன் ஊசலாடும் அளவாகும். புதிய கருவியின் ஊசல் ஏறத்தாழப் பாதி. அகன்ற ஊசலை எதிர்பார்க்கும் பழைய கருவியில் அது முணுமுணுப்பாகவே விழும். மாறாக, பழையதிற் பேசினால் புதியதில் உரத்துக் கரகரக்கும்.

இன்னொன்றும் உண்டு. 1993 இல், வடக்கிற்கு மின்கலங்கள் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கை சோர்ந்தால் செய்தி தேய்ந்துவிடும். "இன்னும் சுத்தடா தம்பி" என்பார் ஐயா. மெலிந்த குரல் என்றால் வலு போதவில்லை என்றே எமது காது பழகிவிட்டது.

அந்தக் கிழமையே புதியதை வாங்கினோம். பழையதைக் கழற்ற மனம் வரவில்லை. மற்றதன் வயர் மீண்டும் அறுந்தால் அதுவே துணை. அதன் ஒலிக் குமிழ் மட்டும் இப்போது எப்போதும் உச்சத்திலே இருக்கின்றது. கேள்வி கேட்ட தம்பி, விழா முடிந்ததும் வாகனத் தரிப்பிடத்துக்கு வந்தால் இரண்டையும் போட்டுக் காட்டுவோம்.