160 ஏக்கர் யாருடையது?

ஹிஸ்டரின்னு சொன்னாலே கொட்டாவி விடுற ஆளா நீங்க? அப்போ உங்ககிட்ட ஒரு காபிக்கொட்டை மெஷினைப் பத்திப் பேசியே ஆகணும்.

1880. அமெரிக்காவின் டகோட்டா புல்வெளியில் டி ஸ்மெட் என்கிற குட்டியூண்டு ஊர். அக்டோபரிலேயே பனிப்புயல் ஆரம்பம். தண்டவாளத்தைப் பனி மூடிவிட, ரயில் வரத்து நின்றது. ரயில் இல்லைன்னா நிலக்கரி இல்லை, மாவு இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை! 13 வயசு லாரா இங்கல்ஸின் வீட்டில் என்ன செய்தாங்க தெரியுமா? காய்ந்த புல்லைக் கயிறு மாதிரி முறுக்கி, அதையே விறகாக எரித்தாங்க. விதைக்கு வைத்திருந்த கோதுமையைக் காபி மெஷினில் போட்டு, ஆள் மாத்தி ஆள் நாள் பூரா சுத்தினாங்க. அந்த மாவில்தான் ரொட்டி. கை ஓய்ந்தால் வயிறும் காயும்.

இதையெல்லாம் லாரா 'தி லாங் வின்டர்' நாவலில் எழுதினது 1940-ல். அவங்களோட முதல் புத்தகம் வந்தப்போ வயசு 65. (நாமதான் இருபது வயசிலேயே 'இனிமே என்னடா இருக்கு'ன்னு புலம்புறோம்!)

1862-ல் வந்த நிலச் சட்டம் நமக்கு ஒரு மார்க் கேள்வி. 160 ஏக்கர், அஞ்சு வருஷம் தங்கிப் பயிர் செய்தால் சொந்தம். அவ்வளவுதான். ஆனா அந்த ஏக்கரில் உட்கார்ந்து ரொட்டிக்குக் காத்திருக்கிறது எப்படியிருக்கும்னு லாராதான் எனக்குச் சொன்னாங்க. அந்த உற்சாகத்தில் அஞ்சாவது படிக்கிற என் அக்கா பையனுக்குக் கதையாகச் சொன்னேன். பயல் காபி மெஷினைக் கண்டுக்கவே இல்லை. "160 ஏக்கரைச் சும்மா கொடுத்தாங்களா? முன்னாடி யாரோடது மாமா?"

நியாயமான கேள்வி. லாராவின் குடும்பம் டகோட்டாவுக்கு முன்னாடி கன்சாஸில் வீடு கட்டியது. அது ஓசேஜ் மக்களின் நிலம். வெளியாட்கள் குடியேற அங்கே உரிமையே கிடையாது. அந்த நாட்களைச் சொல்லும் 'லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரெய்ரி' 1935-ல் வெளிவந்தது. அதன் முதல் பதிப்பு, அங்கே மனுஷங்களே இல்லை என்று சொல்லிவிட்டு, பூர்வகுடிகள் மட்டும் வாழ்ந்ததாக அடுத்து சொன்னது. அப்போ அவங்க யாராம்? ஒரு வாசகர் கடிதம் போட்ட பிறகுதான், 1953 பதிப்பில் 'மனுஷங்க' போய் 'குடியேறிகள்' வந்தது. ஒரே ஒரு வார்த்தைக்குப் பதினெட்டு வருஷம்! அதுவரை எத்தனை ஆயிரம் பிஞ்சுகள் அந்த வரியைச் சாதாரணமாகத் தாண்டிப் போயிருக்கும்? கதை எவ்வளவு நல்லா இருக்கோ, அவ்வளவு சுலபமா இதெல்லாம் உள்ளே இறங்கிடுது. 1954-ல் லாரா பெயரில் ஆரம்பித்த சிறுவர் இலக்கிய விருதுக்கு, 2018-ல் பெயரையே மாத்திட்டாங்க.

அதுக்காகப் புத்தகத்தைத் தூக்கிப் பரணில் போடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். பக்கத்திலேயே இன்னொண்ணையும் வைங்க. ஓஜிப்வே இனத்தைச் சேர்ந்த லூயிஸ் எர்ட்ரிக் 1999-ல் எழுதிய 'தி பர்ச்பார்க் ஹவுஸ்'. 1847, சுப்பீரியர் ஏரியில் ஒரு தீவு. ஓமகயாஸ்னு ஏழு வயசுச் சிறுமி. அவங்க வீட்டிலும் அம்மா, அப்பா, பாட்டி, சண்டை போடும் உடன்பிறப்புகள். மரப்பட்டையில் வீடு கட்டுறாங்க, மேப்பிள் பாலைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கிறாங்க. அங்கேயும் ஒரு கொடிய குளிர்காலம் வருது... பனியோட இல்லை, பெரியம்மையோட.

பயலுக்கு இப்போ அதைத்தான் சொல்லிட்டிருக்கேன். ஓமகயாஸ் ஒரு காக்கா வளர்க்கிறா, பேரு ஆண்டெக். தினமும் முதல் கேள்வியே, "மாமா, அந்தக் காக்கா என்னாச்சு?"