ஆறு பனைமரமும் ஒரு கணக்கு நோட்டும்

ஆபிரகாம் லிங்கன் மரக்குடிசையில் பிறந்தவர் என்று பள்ளியில் படிக்காதவர்கள் குறைவு. 1809-ல், கென்டக்கி மாநிலத்தில். அந்தக் குடிசையின் படத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். முழு மரத்தையே செங்கல் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரு வீட்டுக்கு எத்தனை மரம் ஆகும்? அமெரிக்காவிலும் பின்லாந்திலும் நார்வேயிலும் குடும்பமே கோடாரியோடு இறங்கி, தன் மரத்தைத் தானே வெட்டி இப்படி வீடு கட்டியிருக்கிறது. குளிருக்குத் தடித்த மரச்சுவர் நல்லது. மரமும் வாசலிலேயே நின்றது.

நம் ஊரில் அப்படிக் கட்டினால் முதலில் குடிவருவது கரையான்தான்! அதனால் இங்கே சுவர் மண்ணில் அல்லது செங்கல்லில். மரம் தலைக்கு மேலே. உத்திரம், விட்டம், கைமரம், ரீப்பர்... அப்புறம் நிலையும் கதவும். ஆனால் 'நம்ம மரம், நம்ம வீடு' என்பது இங்கேயும் இருந்ததுதான். பாகூர், வில்லியனூர் பக்கம் பழைய ஓட்டு வீட்டுக்குள் போய் நிமிர்ந்து பாருங்கள். கறுப்பாக, வரிவரியாகத் தெரிகிற கைமரம் பனை. அது பல வீடுகளில் அந்த வீட்டுக்காரர் வரப்பிலேயே நின்ற பனை.

பாகூர் கொம்யூனில் அப்படி வீடு கட்டிய ஒரு குடும்பத்தின் கதை இது.

2011 டிசம்பர் 30. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய நாள். அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு தேதியைச் சொன்னாலே போதும், மீதியை அவர்களே சொல்வார்கள். விடிந்தபோது அந்தக் குடும்பத்தின் வீட்டில் சுவர் இருந்தது, கூரை இல்லை. வாசல் வேப்பமரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. வரப்பில் நின்ற பதினான்கு பனையும் மட்டை கிழிந்து, ஆனால் அப்படியே நின்றன.

வீட்டில் தாத்தா, ஆயா, அப்பா, அம்மா, பிளஸ் டூ காமர்ஸ் படிக்கிற ஒரு பெண், அவளுக்கு ஒரு தம்பி. பொங்கல் வரை பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஓட்டினார்கள்.

அப்பாவிடம் ஒரு திட்டம் இருந்தது. பதினான்கு பனையையும் செங்கல் சூளைக்கு விற்றுவிடுவது. மீதிக்குக் கடன் வாங்கி காங்கிரீட் தளம் போடுவது. புயலுக்குப் பயந்தவர் வேறு எதைக் கேட்பார்? சூளைக்கு மரம் பிடித்துக் கொடுக்கிற தரகரும் வந்து வரப்பில் நடந்து எண்ணிவிட்டுப் போனார்.

தாத்தா மறுத்துவிட்டார்.

"எங்கப்பன் கொட்ட போட்டது. நான் நுங்கு தின்னதோட சரி. அத எரிக்கிறதுக்கு விக்கச் சொல்றியா?"

"அப்போ கூரைக்கு என்னாப்பா பண்றது?"

"வெட்டு. வேண்டியத வெட்டு. நம்ம தலைக்கு மேல போடு."

மூன்று நாள் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கடைசியில் முடிவு செய்தது அம்மாதான். கடன் வாங்கினால் தவணை கட்ட வேண்டும். தவணை கட்டினால் ஜூனில் பெண்ணுக்குக் கல்லூரிப் பணம் இருக்காது. "மாமா சொல்றபடியே செஞ்சிடலாம்" என்று சொல்லிவிட்டு அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அதோடு பேச்சு முடிந்தது.

எந்த மரத்தை வெட்டுவது என்று சொன்னவர் மரம் ஏறுகிறவர். பனையின் வயதும் குணமும் அவருக்குத்தானே தெரியும். கிழட்டுப் பனையாக ஆறு. இளம் பனையை வெட்டினால் உள்ளே வெறும் சோறு என்றார். தேய்பிறையில்தான் வெட்ட வேண்டும் என்றார் தாத்தா. தை மாதத் தேய்பிறையில் வெட்டினார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தொல்காப்பியக் கணக்குப்படி பனை மரமே இல்லை, புல்! உள்ளே வைரம் இருந்தால் மரம், வெளியே வைரம் இருந்தால் புல். இன்றைய தாவரவியலும் பனையைப் புல், மூங்கில், தென்னையோடு ஒருவித்திலைத் தாவரமாகத்தான் வைக்கிறது. தேக்கைப் பிளந்தால் நடுவில் இருப்பதுதான் உசத்தி. பனையில் நடுவில் இருப்பது நார்ச்சோறு. பட்டையை ஒட்டிய கறுப்பு வளையம்தான் கைமரம். அதுவும் அடிமரத்தில்தான் கெட்டி. மேலே போகப் போக மெலியும்.

அதனால் பனையை வெட்டுவது பாதி வேலைதான். அடியில் மண்ணைத் தோண்டி, கயிறு கட்டி, சாய வேண்டிய பக்கம் இழுத்துச் சாய்த்தார்கள். பிறகு ஆப்பு வைத்து சம்மட்டியால் அடித்து நீளவாக்கில் நாலாகப் பிளந்தார்கள். உள்சோற்றை வாய்ச்சியால் செதுக்கி எடுத்தார்கள். கோடாரி அடிக்கடி மழுங்கியது. சிலாம்பு ஏறாத கை அந்த வீட்டில் இல்லை. ஓலை மாட்டுக் கொட்டகைக்குப் போனது. மட்டை வேலிக்கு. குடைந்த நுனித்துண்டு ஒன்று வயலுக்குத் தண்ணீர்க் கால்வாய் ஆனது. குருத்தைத் தம்பி தின்றான்.

பிளந்த மரத்தை உடனே ஏற்றவில்லை. குட்டையில் மூழ்கப் போட்டு, மேலே கல் வைத்து சித்திரை வரை ஊறவிட்டார்கள். சாறு இறங்கிவிட்டால் வண்டு துளைக்காது. நாற்றம் தெருமுனை வரை வந்தது! சாய்ந்த வேம்பை மரவாடிக்குக் கொண்டுபோய் அறுத்து நிலையும் கதவும் செய்தார் ஆசாரி. கூரையைப் பிடுங்கிய புயல்தான் கதவுக்கும் மரம் கொடுத்தது. ஆவணியில் பால் காய்ச்சினார்கள்.

பெண் ஒரு நோட்டில் முதல் நாளிலிருந்து கணக்கு எழுதி வந்தாள். வெட்டுக் கூலி, பிளப்புக் கூலி, வண்டி வாடகை, ஆசாரி கூலி, ஓடு, ஆணி, வேலைக்காரர்களுக்கு டீ, வடை. எல்லாவற்றுக்கும் எதிரே தொகை உண்டு. 'மரம்' என்ற வரிக்கு எதிரே மட்டும் ஒரு கோடு. சொந்த மரம்தானே, செலவு இல்லையே.

அந்த ஜூனிலேயே அவள் பி.காம். சேர்ந்திருந்தாள். அங்கே போன பிறகுதான் அந்தக் கோடு உறுத்த ஆரம்பித்தது. கையிலிருந்து காசு போகவில்லை என்பதால் செலவு இல்லை என்று ஆகிவிடாது. தரகர் சொன்ன விலை ஒரு செலவு. இனி வராத நுங்கும் பதனீரும் ஓலையும் ஒரு செலவு. சர்வதேசக் கணக்கியல் தரம் 41 உயிருள்ள மரத்தையும் சொத்தாக மதிப்பிடச் சொல்கிறது. காய்ப்புக்காக மட்டும் வளர்க்கிற மரத்தை 2014-ல் செய்த திருத்தம் இயந்திரம் மாதிரி தனியாகப் பிரித்தது. அந்த மரத்துக்கு இயந்திரம் போலவே தேய்மானம் போட வேண்டும். நுங்கும் தந்து கைமரமும் ஆகிற பனை அந்தப் பிரிவுக்குள் வராது. புத்தகமே திணறுகிற இடத்தில் பிளஸ் டூ பெண் கோடு போட்டதில் தப்பில்லை.

ஆனால் உண்மையான பதில் விலையில் இல்லை. அந்தப் பனை காய்க்கவே பதினைந்து வருஷம் போல ஆகியிருக்கும். கைமரத்துக்கு வைரம் ஏற ஒரு மனிதனின் ஆயுசு வேண்டும். கொட்டை போட்ட பாட்டனுக்கு அதில் ஒரு சாண் மரம் கிடைக்கவில்லை. அவர் யாருக்கோ போட்டார், இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கணக்குப் பாடத்தில் இதற்குப் பெயர் இலவசம் இல்லை, கடன்.

தாத்தாவுக்கு இது பாடம் படிக்காமலே தெரிந்திருந்தது. பால் காய்ச்சிய மறுவாரமே விழுந்து கிடந்த பனம்பழங்களைப் பொறுக்கி வந்து வரப்பில் முப்பது கொட்டை புதைத்தார். அப்பா சிரித்தார், "இத யாரு வெட்டப் போறா?" அடுத்த பொங்கலுக்குத் தெருப் பிள்ளைகள் பாதியைக் கிழங்காகத் தோண்டித் தின்றுவிட்டார்கள். தாத்தா திட்டவில்லை. அடுத்த ஆவணியிலும் புதைத்தார்.

இன்று சூளைக்குப் போகாத வரப்புப் பனை அந்தப் பக்கம் குறைவு. புதிதாக யாரும் பனங்கைமரம் ஏற்றுவதும் இல்லை, காங்கிரீட்தான். அதைக் குறை சொல்லவும் முடியாது, புயலைப் பார்த்தவர்கள் அவர்கள். பக்கத்தில் தமிழ்நாட்டில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் வெட்டாமல் இருப்பதற்குச் சட்டம் போடலாம். கொட்டை போடுவதற்கு ஒரு தாத்தா வேண்டும்.

அந்தத் தாத்தா இப்போது இல்லை. அவர் புதைத்ததில் ஒன்பது தப்பிப் பிழைத்து, தண்டு இப்போதுதான் தரைக்கு மேலே தெரிகிறது. அந்த நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. 'மரம்' என்ற வரியில் இருந்த கோட்டை அவள் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.

கொடுக்க வேண்டியது: 6 பனை.